சாவி வண்டியிலேயே இருக்கும்

எனக்கு வாய் நீளம். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பதினெட்டு வருஷமாக பில் போடுகிறேன். டிரெய்லர் டிரைவர், புரோக்கர், எடைமேடைக்காரர் என்று ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை. ஆனால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கடை வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாலே போதும், பில் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். காரணம் கேட்டால் ஒன்றும் கிடையாது. போலீஸ், கோர்ட், சம்மன் எதுவும் பக்கத்தில் வராமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முதல் மெசேஜ் வந்தபோது அது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். என் ஸ்கூட்டர் நம்பர், அபராதம் என்று ஒரு வார்த்தை, கீழே ஒரு லிங்க். அதைத் தொட்டால் பேங்கில் இருப்பதை வழித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்களே, உடனே அழித்தேன். இரண்டாவதையும் அழித்தேன். மூன்றாவதில் வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது, இந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்று இருந்தது. அதை அழிக்கக் கை வரவில்லை.

விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அதை நடத்துகிறவர் என் வண்டி நம்பரைப் போட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பின்பக்கத்திலிருந்து எடுத்த போட்டோ. என் ஸ்கூட்டர்தான். அதில் மூன்று ஆண்கள். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. வண்டி எதிர்த் திசையில் போகிறது. ஓட்டுகிறவர் தலையில் சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட துண்டு.

"மேடம், இது வெறும் ஹெல்மெட் கேஸ் இல்ல. ஆபத்தா ஓட்டினதுன்னு போட்டிருக்கான். ஒத்துக்கிட்டா லைசென்ஸை மூணு மாசம் புடிச்சு வெச்சுப்பாங்க" என்றார்.

நாற்பது வயதில் வாங்கிய லைசென்ஸ் அது. எட்டு போடும்போது மூன்று தடவை காலை ஊன்றி ஃபெயிலாகி, நாலாவது தடவைதான் பாஸானேன். வீட்டிலிருந்து கடைக்கு நேராக பஸ் கிடையாது. டிரெய்லர் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடந்துதான் போக வேண்டும். லைசென்ஸ் போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த மூன்று முதுகும் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மார்க்கெட்டில் எங்கள் கடைத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. டூவீலரை நிறுத்துகிறவர்கள் சாவியை எடுக்கக் கூடாது. தெரு குறுகல். கம்பியும் தகடும் ஏற்றிய டிரெய்லர் எந்த நேரமும் உள்ளே திரும்பும். அப்போது குறுக்கே நிற்கும் வண்டிகளை லோடுமேன்கள் எடுத்து ஓரம் கட்டுவார்கள். எவனாவது பூட்டிவிட்டுச் சாவியோடு போனால், அன்றைக்கு அவன் குடும்பத்தையே தெரு திட்டித் தீர்க்கும். காலையில் வாசலில் விட்ட வண்டி சாயங்காலம் நாலு கடை தள்ளி நிற்கும், தேடி எடுத்துக்கொண்டு போவோம். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டி காணாமல் போனதில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கிரேன் சங்கிலியிலிருந்து ஆங்கிள் இரும்புக் கட்டு ஒன்று நழுவி எங்கள் லோடுமேன் ஒருவனின் பாதத்தில் விழுந்தது. நான் அப்போது எடைமேடையில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. இரும்பு விழும் சத்தம் அங்கே நாள் முழுக்கக் கேட்பதுதானே, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்கு வந்தால் தரையெல்லாம் ரத்தம், என் ஸ்கூட்டரைக் காணோம். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றதால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் நழுவிவிட்டார். லோடுமேன்களின் மேஸ்திரிதான் கைக்கு எட்டிய வண்டியை எடுத்து, அடிபட்டவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எதிர்த் திசையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். பாதம் பிழைத்தது. இரண்டு விரல் போனது. சாயங்காலம் வண்டி திரும்பி வந்ததும், கால் வைக்கும் இடத்தில் உறைந்திருந்ததை நான்தான் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

மேஸ்திரிக்கு என்னைவிட எட்டு வயது கூட. எம்.கே.பி. நகர்க்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். போட்டோவைக் காட்டியதும், ஒற்றை ஆளாகக் கம்பிக் கட்டைத் தூக்கும் மனுஷன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பேரு மட்டும் வாணாம் தங்கச்சி" என்றார். "எனக்கு லைசென்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல எவனோ அட்ச்சிகினதுக்கு ரோட்டுல நின்னுகினு இருந்த என்ன இஸ்துகினு போனாங்க. அப்பால எத்தினி வருசம் தெரியுமா, ஊர்ல இன்னா நடந்தாலும் நம்ம வூட்டாண்டதான் முதல்ல வந்து நிப்பாங்க. இப்பதான் அஞ்சாறு வருசமா வர்றதில்ல. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிக்கீறேன். மறுபடி போலீசு வாசல்ல வந்து நின்னா மாப்பிள்ள வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

"உங்க பேரைச் சொல்லவே மாட்டேன்" என்றேன். சொல்வதற்கு என்ன, கடைப் படியில் நின்றுகொண்டு நான் எதை வேண்டுமானாலும் சொல்வேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பில்லில் எடையைத் தப்பாகப் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோர்ட்டு நாளன்று எதிர் டீக்கடையில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி நடுங்கறீங்க? என்னைக் கேக்காம வண்டிய எடுத்துட்டாங்க, யாருன்னு தெரியாது, சாயந்திரம் வந்து பாத்தா நிக்குதுன்னு சொல்லுங்க. நீங்க தப்பிச்சீங்க."

"அப்போ எடுத்தவரு?"

"அது திருட்டாகும். போலீஸ் தேடிக்கும். உங்களுக்கென்ன?"

அவர் சொன்னதில் பொய்கூட இல்லை. என்னைக் கேட்காமல்தானே எடுத்தார்கள். கோர்ட்டுப் படி ஏறும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அப்படி வந்ததுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். பேர் கூப்பிடக் கூப்பிட எழுந்து போய் "ஒத்துக்கிறேங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்கள். மாஜிஸ்திரேட் பெண், என்னைவிடச் சின்னவராக இருப்பார். அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. கை இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். வேறு எதையாவது பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கேட்டுக்கு வெளியே மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

வர வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வந்ததும் வந்தார், தலையில் அதே துண்டு. சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட அதே துண்டு. இந்த மனுஷனுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று பல்லைக் கடித்தேன். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கோர்ட்டுப் போலீஸ்காரர் நின்றார், அவர் கையில்தான் வழக்குக் காகிதங்கள். அந்தப் போட்டோவும் அதில் இருக்கும். அவர் ஒரு தடவை வெளியே பார்த்தால் போதும். என் பேரைக் கூப்பிட்டது அப்போதுதான்.

எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. போட்டோ மாஜிஸ்திரேட் மேஜைக்குப் போனது.

"வண்டி உங்களோடதா?"

"ஆமாங்கம்மா."

"ஓட்டறது ஆம்பளை. யாரு?"

என் கண் தானாக ஜன்னல் பக்கம் போகப் பார்த்தது. நான் பார்த்தால் போலீஸ்காரரும் பார்ப்பார். என் கண்ணாலேயே மேஸ்திரியைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று வந்த பயம், அந்த மாதிரிப் பயம் எனக்குப் பிரசவத்தில்கூட வந்ததில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஏன் கண்ணை மூடறீங்க? உடம்பு சரியில்லையா?"

"பயமா இருக்குங்கம்மா." உண்மையைத்தான் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பயப்படாதீங்க. உங்களைக் கேக்காம யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதிலுக்கான கேள்வி அதுவாகவே வந்து நின்றது. ஆமாம் என்றால் போதும். லைசென்ஸ் என் பையிலேயே இருக்கும், வீட்டுக்குப் போய்விடலாம். வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. கூடவே மேஸ்திரி படியில் உட்கார்ந்த உட்காரலும் ஞாபகம் வந்தது.

"இல்லீங்கம்மா. நான்தான் குடுத்தேன்."

"எப்போ குடுத்தீங்க?"

"காலையில வண்டிய நிறுத்தறப்பவே குடுத்துட்டேன். எங்க மார்க்கெட்டுல சாவி வண்டியிலேயே இருக்கும். சாவிய வுட்டுட்டுப் போனா எடுத்துக்கோன்னு சொன்ன மாதிரிதான். அன்னிக்கு ஒரு ஆளுக்குக் கால் நசுங்கிடுச்சு. நடுவுல உக்காந்திருக்காரே, அவருதான்."

மாஜிஸ்திரேட் போட்டோவைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது.

"ஓட்டினவர் பேரு?"

"அது மட்டும் கேக்காதீங்கம்மா."

"சொல்லலைன்னா எல்லாம் உங்க தலையிலதான் விழும். லைசென்ஸும் போகும். தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

தெரியும் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. தைரியமாக நின்று சொன்னேன் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. மூக்கைச் சிந்திக்கொண்டுதான் சொன்னேன். அவர் எதையோ எழுதினார். எழுதிக்கொண்டே, "அந்தக் கால் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நடக்கிறாருங்கம்மா."

அபராதத்தைக் குறைத்துத்தான் போட்டார். லைசென்ஸை விடவில்லை. இனிமேல் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கேட்டைத் தாண்டியதும் மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னா தங்கச்சி ஆச்சு? பேஜாராப் பூட்ச்சா? நானே உள்ள வந்து சொல்லிடலாம்னு மூணு வாட்டி கேட்டாண்ட வந்தேன். காலு நகரலமா."

என் பயமெல்லாம் கோபமாக மாறி அவர் மேல் பாய்ந்தது. "முதல்ல தலையில கீற துண்ட அவுருங்க!" என்று கத்தினேன். ஒன்றும் புரியாமல் அவிழ்த்தார். பார்த்தார். புரிந்தது. துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷேர் ஆட்டோ ஏறினோம்.

மூன்று மாதம் நடந்தேன். லைசென்ஸ் திரும்பி வந்த முதல் நாள், கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைப் பைக்குள் போட்டேன். தெருவில் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. டிரெய்லர் வந்தபோது நாலு பேர் சேர்ந்து வண்டியை அலாக்காகத் தூக்கி ஓரம் வைத்தார்கள். அதில் ஒருவன் இரண்டு விரல் போனவன்.

பில் போட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கோ இரும்பு விழுந்தது. பதினெட்டு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். என் கை பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. ஆனாலும் எனக்குப் பில்லில் அடுத்த வரி ஓடவில்லை. எழுந்து போய்ச் சாவியை வண்டியில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மெசேஜ் சத்தம் கேட்டால் இப்போதும் பதறுகிறேன். ஆனால் இரும்பு விழுந்தால் முதலில் ஜன்னலுக்குப் போய் வண்டி நிற்கிறதா என்று பார்க்கிறேன். நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் பார்த்தபோது வண்டி அங்கே இல்லை. செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினேன். நாலு கடை தள்ளி நின்றது. அதன் சீட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.