ரிவர்ஸ் கியரில் வந்த மாதா

ஓய்வு பெற்ற மேஜர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர்கள் எனக்குப் பின்னால் மீசையோடு ஒருவர் நிற்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறார்கள். நான்தான் அது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, முடி நரைக்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவள். எந்த நட்டை எந்த வரிசையில் கழற்றுவது, கழற்றியதை எந்தப் படிவத்தில் எழுதுவது, அதன் கீழே யார் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். குக்கருக்கு கேஸ்கெட் மாற்றினால்கூட மூடியில் தேதி எழுதி ஒட்டுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதெல்லாம் ராணுவம் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாம் ஆரம்பித்தது எனக்குப் பத்து வயதில், பெங்களூர் காக்ஸ் டவுனில், ஒரு லாரியின் அடியில்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவிடம் ஒரே ஒரு பழைய லாரி இருந்தது. அவரே முதலாளி, அவரே டிரைவர். கிளீனர் பதவி மட்டும் நிரந்தரமாகக் காலியாக இருந்தது. அந்த வருடம் எங்கள் பங்குக் கோவில் மாதா திருவிழாவுக்குத் தேர் ஜோடிக்க அப்பாவின் லாரியைக் கேட்டார்கள். அதுவரை அந்தப் பெருமை ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று லாரி வைத்திருந்த ஒருவருக்கே போய்க்கொண்டிருந்தது. அப்பா தலையாட்டிய அன்றே எனக்குச் சம்மனசு வேஷம் உறுதியாகிவிட்டது. சம்மனசு என்றால் தேவதூதர்: வெள்ளைக் கவுன், அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய இறக்கை, தேரின் மேல் மாதாவின் காலடியில் நின்றுகொண்டு கீழே வருகிற சக மாணவிகளின் தலையில் ரோஜா இதழ் போடும் அதிகாரம். நான் தூக்கத்தில்கூட இதழ் தூவிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்வாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது லாரியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அச்சின் வயிற்றில், பானை மாதிரி ஒரு உருண்டை இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைத் திருப்பிச் சக்கரங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. புத்தகத்தில் அதற்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். எங்கள் தெருவில் கிரௌன். கிரௌன் போச்சு என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசுவார். ஒர்க் ஷாப்பில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, தட்டில் போட்ட சோறு ஆறும்வரை அதைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்போதுதான் மாமா பேசினார்.

மாமா, அம்மாவின் அண்ணன். கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரத்துக்கு ஃபிட்டராக இருந்தவர். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஏழு மாதமாக எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். அத்தையும் பிள்ளைகளும் அங்கேயே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், வேலை கிடைத்தது என்ற சேதிக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மாமா இரண்டாவது முறை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை.

“ஷாஃப்ட்ல மனுசன எறக்கி ஏத்தற மெசினே நாங்க பாத்துக்கினு இருந்தோம் மாப்ளே. இது இன்னா, நாலு பல்லு. நாமளே பாத்துக்கலாம்.”

“அதுல தப்பாச்சுன்னா ஆளு போவான் மச்சான். இதுல மாதாவே போயிடுவாங்க” என்றார் அப்பா.

ஆனாலும் சம்மதித்தார். காரணம், திருவிழாக் கமிட்டியின் செயலாளர். பீன்யா தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு ஒர்க் ஷாப் வைத்திருந்தவர். லாரியை உங்கள் கையாலேயே பழுதுபார்த்து ஓட வைத்துக் காட்டுங்கள், திருவிழா முடிந்த திங்கட்கிழமை வந்து வேலையில் சேருங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். கோவில் வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி. அதனால் அந்தப் பல்சக்கரத்தில் மாட்டியிருந்தது தேர் மட்டுமல்ல, அத்தையின் ரயில் டிக்கெட்டும்தான்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு வேலை தொடங்கியது. அம்மா துணி ஊறவைக்கும் பேசினில் கறுப்பு எண்ணெய் வடிந்தது. அன்றிலிருந்து அந்த பேசின் அம்மாவுடையதாக இல்லை. இரண்டு பக்கமிருந்தும் நீளமான ஆக்சில்களை உருவினார்கள். மாமா லாரியின் முன்பக்கமிருந்து அடியில் நுழைந்து, அந்த உருண்டைக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா, ஒரு சாக்பீஸ் எட்தா. எழுதாம எதையும் கழட்டக் கூடாது.”

நான் ஊர்ந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா இடது கையைத் தூக்கி, அந்தக் கை இருந்த பக்கம் ‘இ’ போடச் சொன்னார். வலது கை இருந்த பக்கம் ‘வ’. உருண்டையின் வாயை மூடியிருந்த கனமான இரும்பு வார்ப்பில் அழகாக எழுதினேன். அந்த வார்ப்போடுதான் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்திருந்தன. அது பொருந்தும் அச்சின் விளிம்பிலும் எழுதலாம் என்றால் அங்கே பத்து வருட எண்ணெயும் மண்ணும். சாக்பீஸ் வழுக்கியது. விட்டுவிட்டோம். பிற்காலத்தில் எத்தனையோ ஜவான்களை நான் இதற்காகவே திட்டியிருக்கிறேன்.

போல்ட்டுகள் வட்டமாக, சம இடைவெளியில் இருந்தன; வார்ப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் அப்படியே பொருந்தும். எல்லாவற்றையும் கழற்றி, ஜாக்கியில் தாங்கி, மொத்தத்தையும் ஒரு பழைய டயரின் மேல் இறக்கினார்கள். சுழற்சியைத் தாங்கும் பேரிங் இரண்டும் பொடியாகியிருந்தன. பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா அதைக் கண்டதும் பெருமூச்சு விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டிலிருந்து புது பேரிங் வந்தது. காகிதம் போல மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் மாமா பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்தார். காவிப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பற்களில் பூசிச் சுழற்றினால், எங்கே உரசுகிறதோ அங்கே பூச்சு விலகிப் பளிச்சென்று தெரியும். பல்லின் நடுவில் பட்டால் சரி. முதல் முறை ஓரத்தில் பட்டது. ஐந்தாவது முறை நட்ட நடுவில், அவரைக்கொட்டை வடிவத்தில் விழுந்தது. மாமா என்னைத் தூக்கிக் காட்டினார். பள்ளியில் எனக்கு யாரும் இதைப் போல எதையும் காட்டியதில்லை.

திருவிழா நாள் காலையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் ஒன்று கிழிந்துபோயிற்று. மாமா அதை வாங்க மறுபடியும் ஜே.சி. ரோட்டுக்குப் போனார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. நான்கு மணிக்குப் பூக்காரர்கள் வந்துவிடுவார்கள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்கள் இருவரைக் கூப்பிட்டு, வார்ப்பை ஜாக்கியில் ஏற்றினார். பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

“எழுதினது நீதான பாப்பா? இந்த ‘இ’ எந்தப் பக்கம் வரணும்?”

வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? “‘இ’ன்னா இடதுப்பா. லெஃப்ட். கிளீனர் சைடு.”

“வெரி குட்” என்றார் அப்பா. எப்போதும் சொல்ல மாட்டார்.

மாமா வந்தபோது போல்ட்டுகள் ஏறியிருந்தன; எண்ணெய்க் கைகள் பட்டுச் சாக்பீஸ் எழுத்து அழிந்திருந்தது. அவர் சீலை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஆக்சில்களைச் செருகி, புது எண்ணெய் ஊற்றினார். மூன்றரை மணிக்கு நான் இறக்கையோடு தயார். செயலாளர், பங்குச் சாமியார், பூக்கூடைகளோடு நான்கு பேர், பிறகு தெருவே வந்து நின்றது. அப்பா வண்டியைக் கிளப்பினார். ஊளைச் சத்தம் சுத்தமாக இல்லை. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பா முதல் கியரைப் போட்டார்.

லாரி பின்னால் போனது.

சம்பங்கிக் கூடை ஒன்று நசுங்கியது. அப்பா பிரேக் போட்டு, குழம்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தார். லாரி கம்பீரமாக முன்னால் வந்தது. இரண்டாவது கியர் போட்டார். பின்னால் போனது. கூட்டத்தில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான்: அப்பா, மாமா, செயலாளர். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு கியர் உள்ள லாரியை பெங்களூர் அன்றுவரை பார்த்ததில்லை.

மாமா என்னிடம் வந்து குந்தி உட்கார்ந்தார். “பாப்பா, அன்னிக்கி ‘இ’ போட்டமே, எந்தக் கைப் பக்கம்?” நான் அவருடைய இடது கையைத் தொட்டுக் காட்டினேன். “இன்னிக்கி எந்தப் பக்கமா மாட்டுனீங்க?” கிளீனர் பக்கத்தைக் காட்டினேன். நழுவியிருந்த என் இறக்கையைத் தூக்கிச் சரியாக வைத்தார். எழுந்து போய்ச் செயலாளரிடம் சொன்னார்:

“நான்தான் சார் மாத்தி மாட்டிக்கினேன். லெஃப்ட் ரைட் கொழப்பிட்டேன்.”

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நீங்க சும்மா இருங்க மாப்ளே” என்றார் மாமா.

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இடது வலது தெரியவில்லையே!

பக்கம் மாறி உட்கார்ந்த பல்சக்கரம் சக்கரங்களை எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது; மறுபடி கழற்றி மாட்ட அரை நாள் ஆகும். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஆள் அனுப்பலாம் என்றார் செயலாளர். மாமா விடவில்லை. “தேரு நடக்கற வேகம்தான சார். ரிவர்ஸ்லயே போலாம். எந்த கியர்ல வர்றோம்னு மாதாவுக்குத் தெரியாது.”

“தெரியும்” என்றார் சாமியார். “வெளிய சொல்ல மாட்டாங்க.”

அத்தோடு முடிவாயிற்று. ஒரே ஒரு ஆபத்து, அப்பாவின் கை. நின்று கிளம்பும்போதெல்லாம் முதல் கியரைத் தேடிப் போகும் பதினைந்து வருடப் பழக்கம். போட்டால் லாரி பின்னால் பாயும். பின்னால் பாடகர் குழு, மெழுகுவத்தியோடு பெண்கள், அவர்களில் அம்மா. அதனால் நான் சம்மனசுப் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, இறக்கையோடு கேபினில் ஏற்றப்பட்டேன். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் ‘ரிவர்ஸ்’ என்று கத்த வேண்டும். என் இடத்தில் செயலாளரின் மகள் ஏறிக்கொண்டதைப் பார்த்து அழுதேன்.

பேண்ட் முழங்கியது. மணி அடித்தது. “ரிவர்ஸ்!” என்று கத்தினேன். மாதா அசைந்தாள்; லாரி வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. அழுகையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தத் தேரை ஓட்டுவதே நான்தான் என்று தோன்றியது. முனைக்கு முனை நின்றது, ஜெபம், மறுபடி “ரிவர்ஸ்!” சந்தை அருகே ஒரு போலீஸ்காரர் பின்னால் எரியும் வெள்ளை விளக்கைப் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் லைட் எரிகிறதே என்று கன்னடத்தில் அதட்டினார்.

“ஏன்ரீ, ரிவர்ஸ் லைட் உரீதா இதே?”

“அது தேவர தீப, சார்” என்று மாமாவின் குரல் கேட்டது. தெய்வத்தின் விளக்காம். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

கடைசித் திருப்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். வண்டி நின்றது. செயலாளரின் மகள் தூவிய இதழ்கள் கண்ணாடியின் மேல் விழுந்தன. நான் தூவியிருந்தால் இன்னும் நன்றாகத் தூவியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கை தானாகப் போனது. லாரி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. ஒரு சாண்தான். டக்கென்று எதிலோ இடித்து எஞ்சின் அணைந்தது.

ஓரக் கண்ணாடியில் பார்த்தேன். பின்சக்கரத்தின் கீழே கட்டையைச் செருகி, அதன் மேல் ஒரு காலை அழுத்திக்கொண்டு மாமா நின்றார். புறப்பட்டதிலிருந்து கையில் கட்டையோடு அந்தச் சக்கரத்தை விட்டு அவர் கண்ணை எடுத்திருக்கவில்லை. பாட்டு நிற்கவில்லை. அம்மாவின் மெழுகுவத்திகூட அணையவில்லை. மேலே மாதாவின் கிரீடம் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“ரிவர்ஸ்” என்றேன், தாமதமாக.

திங்கட்கிழமை மாமா பீன்யாவுக்குப் போகவில்லை. இடது வலது தெரியாத ஃபிட்டர் எனக்கு எதற்கு என்று செயலாளர் சொல்லியனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை மாமா தனியாக உட்கார்ந்து லாரியைப் பிரித்துச் சரியாக மாட்டினார். புதன்கிழமை ஊருக்குக் கிளம்பினார். பெங்களூர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். நாலு ரிவர்ஸ் லாரியின் கதையைப் பள்ளியில் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தேன். பிறகு கிறிஸ்துமஸுக்கு மாமா வரும்போதெல்லாம் அவர் முன்னாலேயே சொல்லிக் காட்டுவேன். யாரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரிப்பார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரம், ஆசிரியர் சொன்னார்: வண்டிக்கு இடது வலது என்பது டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பவனுடைய இடது வலது. அடியில் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பவனுடைய கை அல்ல. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என் பேனா நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்து ‘இ’ எழுதியவளும் நான்தான், கிளீனர் சைடு என்று சொன்னவளும் நான்தான். விசாரணைப் படிவம் இருந்திருந்தால் இரண்டு கட்டத்திலும் என் பெயர்தான் வந்திருக்கும்.

மாமா ஊருக்குக் கிளம்பிய அந்தப் புதன்கிழமை கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். மாமா மேல் எனக்கு ரொம்ப இரக்கமாக இருந்தது. இனி எங்கேயும் அவர் தப்புச் செய்துவிடக் கூடாது என்று சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னேன். நீட்டினார். இது இடது, இது வலது, நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க மாமா என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு உள்ளங்கையில் ‘இ’, மறு உள்ளங்கையில் ‘வ’ எழுதினேன்.

மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார். வண்டி நகர்ந்ததும், அழிந்துவிடாமல் விரல்களை விரித்து, ‘இ’ போட்ட கையை ஆட்டினார். சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.