பால் டின்னில் கற்பூரவல்லி

ஈப்போவில் எங்கள் அடுக்களை ஜன்னலில் துருப்பிடித்த பால் டின் ஒன்று இருக்கிறது. அதில் கற்பூரவல்லி வளர்கிறது. மூன்று வருடமாகத் தண்ணீர் ஊற்றி வருகிறேன். நேற்றுவரை ஓர் இலையைக்கூடக் கிள்ளியதில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, நான் காலையில் தோட்டப் பள்ளியில் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். ஒன்றரை வயது மகளை, பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளோடு ஆயாக் கொட்டகையில் விடுவேன். அங்கிருந்த ஆயாவுக்கு என் வயதுதான் இருக்கும். படிப்பு இல்லை, பிள்ளையும் இல்லை. மகளுக்கோ இருமல் ஓயாது. தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தந்த மருந்தை நான் ஊட்டினால் என் சேலையிலேயே துப்புவாள். ஆயா, கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கற்பூரவல்லி இலை பறித்து, தணலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, சொட்டுத் தேனோடு நாக்கில் தடவுவாள். பிள்ளை சப்புக்கொட்டும். அதே இலையைக் கிள்ளிப் போட்ட ரசச் சோற்றை வழித்துத் தின்னும். நான் தூக்க வரும்போது மகளின் மூச்சில் அந்த வாசம் இருக்கும். என் பிள்ளைமேல் இன்னொருத்தியின் வாசம் என்றே எனக்குப் பட்டது.

"போ கண்ணு, அம்மா வந்துட்டாங்க" என்று ஆயா அனுப்பினாலும் மகள் அவள் முந்தானையை விடமாட்டாள். "இங்கயே விட்டுட்டுப் போங்க கிராணியம்மா, நாங்க வளத்துக்கிறோம்" என்று பால்வெட்டுக்காரி ஒருத்தி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே மகளின் விரல்களை முந்தானையிலிருந்து பிரித்தெடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் கை நிறைய இலை பறித்து வந்தேன். இரண்டு இலையில் அவள் செய்வதை இருபதில் செய்துகாட்ட நினைத்தேன் போலும். வாட்டத் தோன்றவில்லை. அம்மியில் பச்சையாக அரைத்துப் பிழிந்து, சங்கு நிறையப் புகட்டினேன். பிள்ளை வாய் சிவந்து, வாந்தியெடுத்துத் துவண்டாள். டிரஸ்ஸர் ஓடி வந்து, "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆயாதான் என்னவோ இலை கொடுக்கிறாள்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மகள் இரண்டு நாளில் தேறினாள். ஆயாவைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். பதிவேட்டில் அவள் பேரை மாற்றி எழுதியது என் கணவரின் கை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவருக்குத் தலைகுனிவாகும் என்று பேசாமலிருந்தேன். அது மட்டும்தான் காரணமா என்று இப்போதும் தெரியவில்லை. கொட்டகையில் அவள் இல்லாதது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

வேலை மாறி ஈப்போவுக்குப் புறப்பட்ட அன்று, மாட்டுவண்டி அருகே அவள் வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கையில் பால் டின், அதில் நட்ட ஒரு குச்சி.

"தணல்ல வாட்டித்தான் புழியணும், கிராணியம்மா. பச்சையாக் குடுத்தா புள்ளைக்கு வாய் வெந்துரும்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகள் அவளிடம் தாவினாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை, இங்கே வந்தபின் பிறந்த என் கைக்குழந்தை இருமினான். முதன்முறையாக அந்த டின்னிலிருந்து இரண்டு இலை பறித்துத் தணலில் வாட்டினேன். வாசம் எழுந்ததும் கூடத்தில் விளையாடிய மகள் வந்து நின்றாள். ஆயாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. பலமுறை கேட்டு உறுதி செய்திருக்கிறேன். ஆனாலும் என் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டினாள். உனக்குத்தான் இருமல் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் ஒரு சொட்டுத் தடவினேன்.

சப்புக்கொட்டிச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.