அலட்டல்

வீட்டில் என் கணவருக்கு நான் அதிகம் சொன்ன சொல் "அலட்டாதேங்கோ" என்பதுதான். எங்கள் மன்னார்ப் பேச்சில் அலட்டுவதென்றால் தேவையில்லாமல் வளவளவென்று பேசுவது. அதே சொல்லை நோயாளியைப் பற்றிச் சொன்னால் பொருள் வேறு. நினைவு தடுமாறிப் பிதற்றுகிறார் என்று அர்த்தம். அப்பா காய்ச்சலில் இரண்டு நாள் அலட்டிக் கிடந்துதான் போனார்.

கணவருக்கு அப்பென்டிக்ஸ் எடுத்த மறுநாள், பிளாக்டவுனில் நான் வேலை செய்யும் கடைக்கு ஒரு போன் வந்தது. அழைத்தவள் எங்கள் பக்கத்து ஃபிளாட் மதுரைக்காரி. அவர் இருந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ்.

"அண்ணனைப் பாத்துட்டு வந்தேங்க்கா. ரொம்ப அலட்டிக்கிறார், தாங்க முடியல. பிரேக் முடிஞ்சிருச்சு, வைக்கிறேன்."

அவளைத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி இருந்த வெஸ்ட்மீட்டுக்கு ரெயிலேறி செபமாலை சொல்லத் தொடங்கினேன். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. இனி அவர் என்னை அடையாளம் காணமாட்டார் என்றே நினைத்தேன்.

வார்டில் மனுஷன் தலையணையில் சாய்ந்தபடி, பக்கத்துக் கட்டில் கிழவருக்கு ஆங்கிலத்தில் தன் வயிற்றின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

"வந்திட்டீரோ? இப்பிடி ஒரு அப்பென்டிக்ஸை அந்த டொக்டர் தன்ர வாழ்க்கையிலயே கண்டதில்லையாம்."

நின்ற இடத்திலேயே அழுதேன். அந்த நேரம் மதுரைக்காரி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அக்கா, தன்னைப் பெரிய ஆளா காட்டிக்கிறார்னுதான் சொன்னேன். எங்க ஊர்ல அலட்டிக்கிறதுன்னா அதாங்க்கா."

பிறகு அகராதியைப் பார்த்தேன். பிதற்றுதல் என்று என் பொருளும் அதில் இருந்தது. பிதற்றல் எப்படிப் பெருமையடிப்பதாக மாறியது என்று அது சொல்லவில்லை. நிறுத்தாமல் பேசுகிறவன் கடைசியில் தன்னைப் பற்றித்தான் பேசுவான். அப்படி மாறியிருக்கும் என்பது என் ஊகம். என் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

அன்று வார்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்தினை டொக்டர்மார் வந்து பார்த்தவை? முதல்ல இருந்து சொல்லுங்கோ."

"அஞ்சு பேர்," என்றார்.

காலையில் போனில் மூன்று பேர் என்றுதான் சொல்லியிருந்தார். நான் திருத்தவில்லை.