ஐந்துக்கு ஐந்து போட்ட ரெங்கம்மா

ரெங்கம்மாவுக்கு நான் ஒரு காலத்தில் ஆறாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். அவளுடைய சீட்டுக் காசில்தான் மலையகத்துத் தெமோதரையில் கடை போட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கடை இரண்டு, லொறி ஒன்று. கடனை எப்போதோ வட்டியோடு அடைத்துவிட்டேன். என்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இது ரெங்கம்மாவின் கதை.

தேயிலைக் கொழுந்து பறித்தே மகள் சுதர்ஷினியைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவள் அவள். பிள்ளைக்கு இது கடைசி வருட ஆய்வு. பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் பெற்றோரும் கட்டணம், பெறுபேறு எல்லாம் பார்க்கலாமாம். படிக்காதவர்களுக்கும் அது சுலபமா என்று சோதிக்க வேண்டும். ரெங்கம்மாவையும் சேர்த்துத் தோட்ட லயத்து வீடுகளின் பெண்கள் ஆறு பேர் போனில் பார்த்து, எவ்வளவு சுலபம் என்று ஐந்துக்குப் புள்ளி போட்டார்கள். ஆறு பேரும் ஐந்துக்கு ஐந்து! "எல்லாருமே முழுப் புள்ளியா? இதை ஏற்க முடியாது. திங்கட்கிழமைக்குள் திரும்பச் செய்யாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்" என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை என் கடை மாடியில் எல்லோரும் கூடினார்கள். ரெங்கம்மா வெற்றிலைகூடப் போடவில்லை.

"அண்ணே, பிள்ளைக்கு மார்க்கக் கொறைச்சிராதீங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். படிப்பையே கெடுத்துட்டேனா?"

"மார்க்கு எனக்கில்லம்மா, அந்தப் பக்கத்துக்கு" என்றாள் சுதர்ஷினி.

சொல்லியும் பயனில்லை. ரெங்கம்மாவின் பக்கத்து வீட்டு நேசராணி போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டணம் எங்கே என்று அகப்படவேயில்லை. ஆனாலும், "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றாள். சுதர்ஷினிக்கு அழுகை வந்துவிட்டது.

"பின்ன என்னடி?" என்றாள் நேசராணி. "விசேஷ வீட்டுக்கு வந்துட்டு கறியில உப்பு இல்லன்னா சொல்லுவாங்க? கூலி குடுத்துப் பாரு, அப்புறம் தெரியும் என் வாயி!"

எத்தனையோ பேரிடம் வேலை வாங்கியவன் நான், சட்டென்று புரிந்தது. "ஆளுக்கு அரைநாள் கூலி" என்றேன். நான் தருகிறேன் என்றும் சொன்னேன். சுதர்ஷினி சம்மதிக்கவில்லை, தன் பல்கலைக்கழக உதவிப்பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எம்புள்ளகிட்ட நான் கூலி வாங்குறதா?" என்று ரெங்கம்மா எழுந்தாள்.

"ஒக்காரு" என்று நேசராணி சேலையைப் பிடித்து இழுத்தாள். "காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்தாச்சுன்னு வச்சுக்க, இனி வேலை."

பிறகு மாடி சந்தை மாதிரி ஆகிவிட்டது. "எழுத்து என்ன எறும்பு மாதிரி!" "தமிழ அமுக்குனா இங்கிலீசு வருதே!" நேசராணி இரண்டு போட்டாள்.

ரெங்கம்மா மட்டும் போனைப் பிடித்தபடியே இருந்தாள்.

"காசு கட்டியாச்சா இல்லையான்னு இது சொல்லவே மாட்டேங்குது" என்றாள் மெதுவாக. "போன தடவ ஹொஸ்டல் காசு போச்சோன்னு ஒரு வாரமா பயந்து கெடந்தேன். ஒங்கிட்ட சொல்லல."

"அதத்தாம்மா கேக்குறேன்."

"ஒன்னு போடட்டா?"

"போடும்மா."

ரெங்கம்மா ஒன்று போட்டாள். மற்றவர்களுக்குக் கூலி கொடுத்து முடித்ததும் சுதர்ஷினி தாயின் கையைப் பிடித்து விரித்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தாள்.