வல்லூறு என்று ஒரு பெயர்

கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன தை மாதம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, பறவை பார்க்கப் பேரையூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனோம். துணைக்குக் கணக்கு சார் வந்தார். டவுனில் பழைய முஸ்லிம் தெருவில் இருப்பவர். வீட்டில் உருது பேசுவார்கள்.

கரையில் நின்ற வேப்பமரத்துக்குள்ளிருந்து புறா அளவில் சாம்பல் நிறப் பறவை ஒன்று சத்தமில்லாமல் பாய்ந்தது. ஓணான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி இலைகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"அதுதான் வல்லூறு" என்றேன்.

பின்னால் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பறவையைப் பார்த்த குஷி என்று விட்டுவிட்டேன்.

"இதை வைரின்னும் சொல்லுவாங்க. வைரின்னா பகையாளி."

கணக்கு சார் சேர்ந்துகொண்டார். "எங்க பாஷையில ஷிக்ரா. ஷிகாரின்னா வேட்டைக்காரன், அதுலருந்து வந்த பேரு. முன்னாடி இதைக் கையில வச்சுப் பழக்கி, காடை பிடிக்க விடுவாங்களாம்."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. "பாத்தீங்களா? கோழிக்குஞ்சைப் பறிகொடுத்தவங்களுக்குப் பகையாளி, காடைக்கறி தின்னவங்களுக்கு வேட்டைக்காரன். எந்தப் பறவையும் தனக்குத் தானே பேரு வைக்கிறதில்ல. அதுகிட்ட மாட்டினவங்க வைக்கிறதுதான் பேரு."

சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. சில பிள்ளைகள் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற பெண்ணிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டாம் தடவை கேட்டபோது அழுகிற குரலில் சொன்னாள்.

"வல்லூறுங்கிறது உங்க பட்டப்பேரு மிஸ். பின்வாசல் வழியா சத்தமில்லாம வந்து பிடிப்பீங்கல்ல, அதான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்து என்ன நடக்குமோ என்கிற பயம் அந்த முகங்களில் இருந்தது. எனக்குக் காது மடல் வரை சுட்டது. சத்தம் வராத செருப்பாகப் பார்த்து வாங்குகிறவள் நான். அதை இத்தனை நாளும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். "சரி, தண்ணியில நாரை நிக்குது, அதைப் பாருங்க" என்று கையைக் காட்டினேன்.

திரும்பும்போது வேனில் கணக்கு சாரிடம் தணிந்த குரலில் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ஸ்டாஃப் ரூம்லயும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

திருமங்கலம் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை.

என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "ஸ்கூல்ல எனக்கு ஒரு பேரு இருக்காமே, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நானும் அப்படித்தாம்மா சொல்லுவேன். இல்லேன்னா என்னைய யாரும் சேத்துக்க மாட்டாங்க."

கல்லில் கிடந்த தோசையைத் திருப்பத் தோன்றாமல் நின்றேன். கருகிய வாடை வந்த பிறகு அடுப்பை அணைத்தேன்.

"நாளைக்கு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டேல்ல?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

நம்பவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அதையே இன்னொரு தடவை கேட்டாள்.