மில்லில் கேட்ட காது

சந்திரமதிக்குக் காது மந்தம் என்று சிங்கப்பூர் தேக்காவில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கோவிந்தசாமியின் மாவு மில்லில் மிளகாய் அரைபடும்போது பக்கத்தில் நிற்பவரே காதைப் பொத்திக்கொண்டு சைகை காட்டுவார். அந்த நேரத்தில் வரிசையின் கடைசியில் இருந்து ஒரு அம்மா மல்லியைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொன்னால், சந்திரமதி திரும்பிப் பார்க்காமலே தலையாட்டிவிடுவாள். முதலாளி வெளியே போனால் கடையை அவள் பொறுப்பில்தான் விட்டுவிட்டுப் போவார்.

அதே சந்திரமதி செங்காங் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. கூத்து அங்கேதான் ஆரம்பம். அவள் புருஷன் வீரபத்திரன் பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் பேசுவதெல்லாம் சட்டைக் காலருக்குள். மகள் ரக்ஷனா கல்யாணமாகி உட்லண்ட்ஸுக்குப் போன பிறகு வீட்டில் டிவி போடக்கூட ஆளில்லை. சோபாவில் உட்கார்ந்து அவர் ஏதோ கேட்பார். இவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் தடவையும் கேட்பார். அப்புறம் எழுந்துபோய்த் தானே தேடி எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் அவளைக் கூட்டிப் போக மில்லுக்கு வந்தவர், அந்த இரைச்சலுக்கு நடுவே அவள் எல்லாருக்கும் பதில் சொல்வதை நின்று பார்த்தார். அன்று ரயிலில் அவர் குரல் காலரைத் தாண்டி வெளியே வந்தது.

"கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் கேக்குற காது, எனக்கு மட்டும் கேக்காதா?"

அவளும் அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். குறைப்பதற்கு ஏற்கெனவே அதிகம் இல்லாததால், வீட்டில் பேச்சே நின்றுபோனது.

சந்திரமதிக்குத் தலை சுற்றியது. செவிடு என்றால் எங்கேயும் கேட்கக்கூடாது இல்லையா? மில்லில் கேட்கிறது. கூட்டம் நிறைந்த ரயிலில் பக்கத்து சீட்டுக்காரிகளின் மாமியார் கதை கேட்கிறது. முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் கல்லுடைக்கிற சத்தம். அவள் குரலே அவளுக்குப் பெரிதாகக் கேட்டதால் தணித்துத்தான் பேசினாள். முணுமுணுக்காமல் பேசு என்று மற்றவர்கள் திட்டினார்கள். எண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்த்தாள். கிளினிக் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கு ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்.

அப்படியென்றால் கோளாறு காதில் இல்லையோ, மனசிலோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீரபத்திரன் வரவில்லை. டூட்டி மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை என்று அவள் தம்பிக்கு ஒரு மெசேஜ் அனுப்பியதோடு சரி. மருமகன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சொந்தக்காரர்கள் அந்த இடத்தையே பார்த்தார்கள். அவர் அதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அது அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த வெறுப்பில்தான் அவர் குரலுக்கு மட்டும் காது கதவைச் சாத்திக்கொண்டதோ? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பிடிக்காமல் போய்விட்டதோ? பிடிக்கவில்லை என்றால், அவர் வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானால் ஏன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறாள்? அவளுக்கே விளங்கவில்லை.

கடைசியில் கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீரபத்திரன் வரவில்லை. தனியாகத்தான் போனாள். பரிசோதித்த பெண் ஜைனப், நல்ல வேளையாகத் தமிழ் பேசினாள். சத்தமே இல்லாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். சந்திரமதி வெகுநேரம் பட்டனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஜைனப் இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்கு நேரே பிடித்தாள். லேசாக ஏதோ கேட்டு நின்றுபோனது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள். கோயில் மணி மாதிரி தலைக்குள் கணகணவென்று கேட்டது. சந்திரமதி இன்னும் குழம்பிப்போனாள்.

ஜைனப் பொறுமையாக விளக்கினாள். காற்றில் வரும் சத்தம் செவிப்பறையை அசைக்கும். அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று தள்ளி, அந்த அசைவை உள்காதில் இருக்கும் நீருக்குள் கொண்டுபோகும். அங்கே மயிரிழை போன்ற செல்கள் அதை நரம்புக்குச் சொல்லும், நரம்பு மூளைக்குச் சொல்லும். உடம்பிலேயே சின்ன எலும்பு அந்த மூன்றில் கடைசி. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். சந்திரமதிக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அது அசையாமல் இறுகிவிட்டது மாதிரி தெரிகிறது. டாக்டர் ஸ்கேன் பார்த்து உறுதி செய்வார். அதன் நீளமான பெயர் சந்திரமதியின் வாயில் நுழையவில்லை.

மில் சத்தத்தால் வந்ததா என்று கேட்டாள். இல்லை, அந்தச் சத்தம் கெடுப்பது உள்ளே இருக்கும் செல்களை, உங்களுக்கு அவை நன்றாகவே இருக்கின்றன என்றாள் ஜைனப். இது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது, சில பெண்களுக்குப் பிள்ளை உண்டாகும்போது கூடுவதும் உண்டு.

"அப்ப மில்லுல மட்டும் எப்படிம்மா கேக்குது?"

"அங்க எல்லாரும் கத்தித்தானே பேசுறாங்க அக்கா. மெஷின் சத்தம் உங்களுக்குப் பாதிதான் வருது, அவங்க கத்துறது அதைத் தாண்டி வந்துருது. வீட்ல யாரும் கத்த மாட்டாங்க லா."

ஆபரேஷன் செய்யலாம், கருவியும் மாட்டலாம் என்றாள். சந்திரமதிக்கு அழுகை வந்தது. மனசு கெட்டுப்போகவில்லை, ஒரு குருணை எலும்புதான் கெட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்து அன்று ராத்திரி வீட்டில் நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றேனே, அது தெரியுமா என்று கேட்டார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது புரிந்தது. தெரியாது என்றாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அது நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

அவருடைய லீவு நாளில், மில்லில் கூட்டம் நெரியும் நேரத்தில், வீரபத்திரன் வந்து நின்றார். வாய் அசைந்தது. புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று கோவிந்தசாமி பெரிய மனசு பண்ணி மெஷினை நிறுத்தினார். வீரபத்திரனின் குரல் உடனே காலருக்குள் போய்விட்டது.

"அண்ணே, மெஷினைப் போடுங்க" என்றாள் சந்திரமதி.

மெஷின் ஓடியது. வேறு வழியில்லாமல் வீரபத்திரன் கத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"லீவு கேட்டிருந்தா கிடைச்சிருக்கும் மதி. நான் கேக்கவே இல்ல. உங்கப்பாவைப் பெட்டியில பார்த்ததுலருந்து பயம், திரும்ப அழுதுருவேன்னு. தப்பு என்னோடதுதான். அன்னைக்கே சொன்னேன். நீ திரும்பவே இல்ல. மன்னிக்கலன்னு நினைச்சுட்டேன்."

ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டது. மிளகாய் நெடியோ என்னவோ, கண் எரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் கத்தினார்.