ராகுகாலத்தில் ஓடிய ரயில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் தமிழர்கள் சிங்கப்பூரை ஒரு பெரிய கல்யாண மண்டபமாகத்தான் பார்த்தார்கள். மண்டபத்தைச் சுற்றிக் கொஞ்சம் கடலும் இருந்தது. எங்களில் பலரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் பாதியைச் சுற்றலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. பிறந்த நாட்டில் இருப்பவர்களுக்கோ லண்டன் விசா லேசில் கிடைக்காது. ஆகவே இரண்டு பக்கமும் பாதி வழி வந்து சிங்கப்பூரில் சந்திப்பது வழக்கமாகிவிட்டது. லண்டன் பக்கத்துச் சட்டனிலிருந்து மாப்பிள்ளை வருவார். கொழும்பிலிருந்து பெண் வருவாள். செரங்கூன் சாலையில் மாலை வாங்குவார்கள். தாலி ஏறி ஒரு கிழமையில் மாப்பிள்ளை பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குத் திரும்பிவிடுவார்.

என் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். லண்டனிலிருந்து போன பெண் நான். அப்போது வயது முப்பத்திரண்டு. குரோய்டனில் ஒரு அலுவலகத்தில் வேலை, சொந்தமாக ஓர் அறை, சொந்தமாக ஒரு வாய். மூன்றாவதால்தான் கல்யாணம் தள்ளிப்போகிறது என்பது சித்தியின் கட்சி. அம்மா அப்பா இல்லாத எனக்குச் சட்டனில் இருந்த இந்தச் சித்திதான் எல்லாம். மாப்பிள்ளையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர், இப்போது தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறார் என்றார். போட்டோவும் காட்டினார். அதில் காதுகள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன.

"பாத்துப் பிடிச்சால்தான் கலியாணம்," என்று சித்தி சத்தியம் செய்தார். சத்தியம் செய்த அன்றைக்கே சிங்கப்பூரில் மண்டபம் புக் பண்ணியாயிற்று. கூறைச் சேலை எடுத்தாயிற்று. தாலி சூட்கேசுக்குள் போயிற்று. எனக்குப் பிடிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

எனக்கு அவருடைய காதுகளைப் பற்றிக் கவலையில்லை. கவலை வேறு. ரெய்னர்ஸ் லேனில் எனக்குத் தெரிந்த ஒருத்தி இதே மாதிரி ஒருவரைக் கட்டி லண்டனுக்குக் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் ஒரு மாதம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார். பிறகு பால் வாங்கப் போகிறேன் என்று போனவர் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்தார். அவள் அதற்குப் பிறகு தமிழ்க் கடைக்கே வருவதில்லை. எனக்கு அந்தக் கதி வரக்கூடாது. இந்த மனுசன் என்னைக் கட்ட வருகிறாரா, லண்டனைக் கட்ட வருகிறாரா என்று முகத்துக்கு நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கழுத்தை நீட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

"எனக்கு அவரோடை தனியக் கதைக்கோணும்," என்று விமானத்தில் சித்தியிடம் சொன்னேன்.

"கலியாணத்துக்குப் பிறகு தாராளமாக் கதை. அதுக்கு முதல் என்ன கதை?" என்றார் சித்தி.

சிங்கப்பூரில் இறங்கியதும் சூடு முகத்தில் அடித்தது. லண்டனில் ஏழு வருடம் குளிரில் சுருண்டிருந்த என் தலைமயிர் அரை மணி நேரத்தில் ஊர் மயிராக மாறிவிட்டது. சித்தி கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார். ஏசிக்குள் தடிமன் வருமாம். அவருடைய சூட்கேசில் இடியப்ப மாவும், மிளகாய்த்தூளும், கட்டாச் சம்பலும் இருந்தன. தெருவுக்கு நாற்பது சாப்பாட்டுக் கடை உள்ள ஊருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதற்கு எங்கள் ஆட்களை விட்டால் ஆள் கிடையாது.

நாங்கள் தங்கியது சித்தப்பாவின் உறவினரான ஓர் அங்கிளின் அடுக்குமாடி வீட்டில். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேக்குக் கிளார்க்காகப் போனவர். மாப்பிள்ளையையும் தாயையும் அதே வீட்டின் மற்ற அறையில் தங்கவைத்திருந்தார்கள். ஒரே வீடு என்றதும் பேசுவது சுலபம் என்று நினைத்தேன். என்ன புத்தி எனக்கு. நான் குசினிக்குப் போனால் சித்தி தண்ணீர் குடிக்க வருவார். நான் பல்கனிக்குப் போனால் அங்கிள் காட்சி காட்ட வருவார். மாப்பிள்ளை ஒரு மூலையில் முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருப்பார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவருடைய அம்மா மெலிந்த மனுசி, அதிகம் பேசமாட்டார், மகனையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமியாராகப் போகிறவரை மாமி என்று கூப்பிடச் சொல்லிச் சித்தி நச்சரித்தார், எனக்கு வாய் வரவில்லை.

அங்கிளுக்கு நாங்கள் வந்த காரியம் மறந்துபோய்விட்டது. அவருக்குக் கிடைத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். சிங்கத் தலையும் மீன் உடம்புமாகக் கடலுக்குள் தண்ணீர் துப்பும் சிலையைக் காட்டினார். "துப்பினால் ஃபைன் எண்டு சொன்னனீங்கள், இதுக்கு ஃபைன் இல்லையோ?" என்று சித்தி கேட்டார். ஓர்க்கிட் தோட்டத்தைக் காட்டினார். கிளிகள் சைக்கிள் ஓட்டுவதைக் காட்டினார். கேபிள் காரில் கடலைக் கடந்தோம். அதில் நானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே இருந்தோம், நடுவில் சித்தியின் கைப்பை. போகும் வழியெல்லாம் எதற்கெதற்கு என்ன அபராதம் என்று அங்கிள் சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டில் ஒரு குப்பையைக்கூடக் காட்ட முடியாது என்று சவால்விட்டார். லண்டனில் பஸ் ஸ்டொப்புக்குப் போவதற்குள் பத்துக் குப்பையை மிதிக்கும் எனக்கு அந்தச் சுத்தம் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். மீன் தலைக்கறி, பரோட்டா, கோழிச்சோறு, தகரக் கோப்பையில் கட்டிப்பால் ஊற்றிய கோப்பி. தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைய வேண்டும், பக்கத்தில் சீனக் கிழவர் சூப்பை உறிஞ்சுவார், மின்விசிறி தலைக்கு மேலே கிறுகிறுக்கும். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை சமைத்ததை வியாழன்வரை சூடாக்கித் தின்ற வயிறு அது. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். சித்தி என் காலை மேசைக்குக் கீழே மிதித்தார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் பார்க்கிறார்களாம். மாப்பிள்ளை பார்க்கவில்லை. அவர் கடையின் வாசலைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என்னையும் பார்க்காமல் மீனையும் பார்க்காமல் இருக்கிறாரே, இவருக்கு விசா ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது போல என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படியே நாட்கள் போயின. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

இங்கே சித்தியின் கை மணிக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டனில் இருந்த சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்துக் மருந்துக் குளிசை போட ஞாபகப்படுத்த வேண்டும் என்பதற்காகச் சித்தி அதை லண்டன் நேரத்திலேயே விட்டிருந்தார். அதோடு லண்டன் கோயில் அச்சடித்த பஞ்சாங்கக் கலண்டரும் கைப்பையில் இருந்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அதன்படிதான். சிங்கப்பூரில் மாலையாகும்போது சித்திக்குக் காலை ராகுகாலம் பிடிக்கும். போதாக்குறைக்கு லண்டன் கோடையில் பகல் நீளம், அதனால் ராகுவும் கூடுதல் நேரம் வேலை செய்வார்.

"இஞ்சை சூரியன் வேற நேரத்திலை உதிக்குது," என்று அங்கிள் விளக்கிப் பார்த்தார்.

"ராகு எல்லா இடமும் ஒருத்தர்தான்," என்றார் சித்தி. அதோடு அங்கிள் வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலை செரங்கூன் சாலையில் மாலைக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போக ரயில் நிலையத்துக்கு வந்தோம். நிலத்துக்கு அடியில் பளிங்குபோல ஒரு மேடை. வேலை விட்டுப் போகும் கூட்டம். ரயில் வந்து கதவு திறந்ததும் கூட்டம் மாப்பிள்ளையை உள்ளே அள்ளிக்கொண்டு போனது. லண்டன் பழக்கத்தில் நான் முழங்கையால் இடம் பிடித்துப் பின்னால் ஏறிவிட்டேன். அடுத்தது சித்தி. ஒரு கால் தூக்கியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்தவர் காலைப் பின்னுக்கு வைத்தார். ஏறப்போன மாப்பிள்ளையின் தாயைக் கையில் பிடித்து நிறுத்தினார், அங்கிளும் அவர்களோடு நின்றுவிட்டார். "ராகு தொடங்கிட்டுது, இறங்குங்கோ ரெண்டு பேரும்," என்று கத்தியது கேட்டது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே சித்தியின் வாய் அசைந்துகொண்டே பின்னால் போயிற்று.

ராகுவுக்கு நான் அன்றிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னது கிடையாது.

நாலைந்து நிறுத்தங்களில் கூட்டம் குறைந்தது. பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். நான் சுற்றிவளைக்கவில்லை.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும்."

"கேளுங்கோ."

"நீங்கள் என்னைக் கட்ட வந்தனீங்களோ, லண்டனைக் கட்ட வந்தனீங்களோ?"

அவர் கதவுக்கு மேலே இருந்த ரயில் பாதைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லண்டனைத்தான்," என்றார்.

அவர் சொல்லக்கூடிய பொய்கள் அத்தனைக்கும் நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இதற்குத் தயாரிக்கவில்லை.

"உங்களை எனக்குத் தெரியாதே," என்றார் அவர். "போட்டோவிலை பாத்தனான், அவ்வளவுதான். லண்டனையும் தெரியாது. அங்கை இரவிலை வந்து ஆக்களை அள்ளிக்கொண்டு போகமாட்டினம் எண்டு கேள்வி. அதுக்காகத்தான் வந்தனான்."

பிறகு லொட்ஜைப் பற்றிச் சொன்னார். பொலிஸும் ஆமியும் தமிழ் ஆட்களைத் தேடிச் சுற்றிவளைப்பது என்றால் விடியப்புறம்தான் வருவார்களாம். ஒருமுறை இடுப்பில் கட்டிய சாரத்தோடு கொண்டுபோய் ரோட்டில் இருத்திவைத்தார்களாம், போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி. "அதுக்குப் பிறகு லோங்ஸ் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் படுக்கிறனான். படுக்கிறனான் எண்டு பேருக்குச் சொல்லுறன். நித்திரை வராது. அம்மாவும் எனக்காக முழிச்சுக்கொண்டு இருப்பா. இஞ்சை வந்தும் அப்பிடித்தான். அங்கிள் வீட்டு லிஃப்ட் சத்தத்துக்கே எழும்பி இருந்திடுவன்."

இதையெல்லாம் அவர் ஒரு வங்கிக்காரர் வட்டிவீதம் சொல்வது போலச் சொன்னார். கடையில் ஏன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூளை உள்ளவளுக்கு முதல் நாளே உறைத்திருக்கும்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

என்னை ஒருவர் திருப்பிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு," என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப நீங்களும் என்னைக் கட்ட வரேல்லை."

"இல்லை."

அவர் சிரித்தார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவருடைய பல்லைப் பார்த்தேன். வரிசையான பல். பிறகு என் அறை எப்படி என்று விசாரித்தார். விளம்பரம் செய்ய எனக்கு மனமில்லை, உள்ளதைச் சொன்னேன். சுவரெல்லாம் ஈரக்கசிவு. ஹீட்டர் நினைத்தால் வேலை செய்யும். கீழே ஒரு கிழவியும் பூனையும்.

"ஆக்கள் வந்துபோறவையோ?"

"ஆர் வாறது? பால்காரனும் போத்திலை வாசல்லை வைச்சிட்டுப் போயிடுவான். ஏழு வருசமா அந்தக் கதவை ஒருத்தரும் தட்டினதில்லை."

அதை நான் பெரிய முறைப்பாடாகத்தான் சொன்னேன்.

"ஒருத்தருமோ?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை."

பதில் வரவில்லை. பரிதாபப்படுகிறார் போலிருக்கிறது, நறுக்கென்று ஒன்று சொல்லுவோம் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் நித்திரை.

நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு, கைகளை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு தூங்கினார். இடையிடையே ரயில் நின்றது. கதவு திறந்தது, மூடியது, மூன்று மொழிகளில் ஸ்டேஷன் பெயர் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் ஏறிக் கத்தியது. மனுசன் அசையவில்லை. சற்று நேரத்தில் தலை பக்கத்துக் கம்பியில் சாய்ந்தது, குறட்டை தொடங்கியது. எதிரே இருந்த சீனப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார், அவர் என் புருசன் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுத்துத் தலையாட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுவது என் பழக்கம் இல்லாததால் ஏசிக் குளிர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, போனது. கடைசி ஸ்டேஷனும் வந்தது. ரயில் சற்று நின்றுவிட்டு வந்த வழியே திரும்பியது. யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. கேட்பதற்கு என்னிடம் இன்னும் பல கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. அந்த நித்திரையை எழுப்புகிற ஆள் நானாக இருக்கக்கூடாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஏறிய ஸ்டேஷனுக்கே ரயில் திரும்பி வந்தபோது மூன்று பேரும் மேடையில் இருந்த வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராகு இன்னும் முடியவில்லை போலும். வேறு வழியில்லாமல் அவர் காதருகே குனிந்து, "எழும்புங்கோ, அம்மா நிக்கிறா," என்று மெல்லச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். கன்னத்தில் கம்பியின் அடையாளம் பதிந்திருந்தது.

"இவ்வளவு நேரமா என்னடி கதைச்சனீங்கள்?" என்று சித்தி பாய்ந்து வந்தார்.

"பெரிசா ஒண்டும் இல்லை. அவர் நித்திரையாப் போட்டார்."

"பொம்பிளையைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நித்திரையோ? நல்ல மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் தாய் சித்தியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நித்திரை கொண்டவனோ பிள்ளை? உண்மையாவோ?"

அதுவரை அவரை நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"ஓம் மாமி," என்றேன். "குறட்டையும் விட்டவர்."